நலங்குத் தண்ணீர்

வெயிலுகந்தபுரத்தில் சண்முகக்கனியின் நிறம் கழன்று போன அன்று வெயில் வழக்கம்போலத்தான் அடித்தது, கடலை மில் வழக்கம்போலத்தான் ஓடியது, காலைப் பேருந்தும் வழக்கம்போலத் தாமதமாக வந்து, இறங்குகிறவர்களை இறங்கவிடாமல் ஏறுகிறவர்கள் முண்டியடிக்க, நடத்துநர் எல்லோரையும் பொதுவாகத் திட்டிவிட்டு விசில் ஊத, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஊரில் யாருக்கும் அன்றைக்கு எதுவும் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை. குறை தெரிந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான்.

அதற்கு முன்னால், அவள் பிறந்த நாளிலிருந்து, அந்த ஊர் அவளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. "பிள்ள கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாராட்டாகத்தான் சொன்னார்கள், கன்னத்தைக் கிள்ளிச் சொன்னார்கள், சிலர் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்துவிட்டும் சொன்னார்கள். ஆனால் அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அது செருப்புக்குள் மாட்டிக்கொண்ட சிறு கல் மாதிரி, பார்க்கிறவனுக்குத் தெரியாது, நடக்கிறவளுக்குத்தான் தெரியும். கனி அதோடு இருபத்தாறு வருடம் நடந்தாள்.

அந்த நிறம் அவளுடைய அப்பாவின் நிறம். லாரி ஓட்டிய அய்யாத்துரை நல்ல கருப்பு, அசல் கருப்பு, தூரத்தில் அவர் வந்தால் வெள்ளைச் சட்டை மட்டும் தனியாக நடந்து வருகிறது என்று ஊர் கேலி பேசும், அவரும் சேர்ந்து சிரிப்பார். அம்மா பாக்கியம் மாநிறம். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் "அப்பனை உரிச்சு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, பெண்பிள்ளையாச்சே என்று கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொண்டபோது, அய்யாத்துரைக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. லோடு இறக்கி வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகக் குழந்தையின் குட்டிக் கையைத் தன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "பாரு பாக்கியம், எங்க என் கை முடியுது, எங்க இவ கை ஆரம்பிக்குதுன்னு கண்டுபுடி பாப்போம்" என்பார். கனி பிளஸ் டூ படிக்கும்போது அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்று உண்டு, அதை எடுத்த ஸ்டுடியோக்காரர் நல்லெண்ணத்தில் முகத்தை வெளுக்க வைத்துவிட்டார், அதனால் பாக்கியம் அந்தப் போட்டோவைப் பார்ப்பதே இல்லை. புருஷனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் மகளைப் பார்ப்பாள்.

கனி லேப் டெக்னீசியனுக்குப் படித்து, கடைத்தெருவில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் சேர்ந்தாள். ஊசி குத்துவதற்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசுவாள், பேச்சு முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும், இன்னும் குத்தவில்லையா என்று கேட்டவர்கள் ஊரில் பாதிப்பேர். அந்தக் கையைப் பற்றி யாரும் 'இருந்தாலும்' சொன்னதில்லை. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் கையையா பார்க்கிறார்கள்? கேசரியையும் மிக்சரையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள், போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள், பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று பாவம் அந்த ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டார்கள்.

கடைசியாகத் திருப்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜெயமுருகன், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், பார்க்க அமைதி. பெண் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மறுநாள் அவனுடைய அம்மா கோமதி போன் செய்தாள். "பொண்ணு குணம், படிப்பு, வேலை எல்லாம் எங்களுக்குத் திருப்திங்க. கல்யாணத்துக்குள்ள அந்த நிறத்துக்கு மட்டும் ஏதாச்சும் கவனிச்சுக்குங்க. வீடியோவுல நல்லா விழணும் பாருங்க."

பாக்கியம் போனை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அக்கா தங்கபுஷ்பம் அப்படி உட்காருகிறவள் இல்லை. குடும்பத்திலேயே எலுமிச்சம்பழ நிறம் தங்கபுஷ்பம்தான், அறுபது வயதிலும் வெயிலில் குடை இல்லாமல் இறங்க மாட்டாள், எந்தப் பிள்ளை பிறந்தாலும் முதலில் காது மடலைத் திருப்பிப் பார்த்து என்ன நிறம் வரும் என்று சொல்லிவிடுவாள்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க? நான் எதுக்கு இருக்கேன்? நலங்க ரெண்டு வாரம் முந்தியே ஆரம்பிப்போம். தேய்க்கிற மாதிரி தேய்ச்சா எது போகாது?"

அப்படித்தான் நலங்கு நடந்தது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, அதோடு மெடிக்கலில் விற்கிற டியூப் ஒன்று, எல்லாவற்றையும் தயிரில் குழைத்து, கனியைப் பின்கட்டில் மணையில் உட்காரவைத்து, சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு கை பூசிவிட்டுப் பாட்டுப் பாட, தங்கபுஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீர்க்கங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். முதலில் முழங்கையில்தான் கழன்றது. பழைய சுவரில் சுண்ணாம்பு பொரிவது மாதிரி இல்லை, ஈரத்துணியை நிதானமாக உரிப்பது மாதிரி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நிறம் வழுக்கிக்கொண்டு வந்தது. தங்கபுஷ்பம் நிறுத்தவில்லை. தோள், கழுத்து, முதுகு, பாதம் என்று தேய்க்கத் தேய்க்க அது வந்துகொண்டே இருந்தது, மேலே ஊற்றிய தண்ணீரோடு சேர்ந்து அண்டாவில் இறங்கி, நாவல்பழச் சாறுபோலக் கெட்டியாக, மினுமினுவென்று நின்றது.

"வலிக்குதா கனி?" என்று பாக்கியம் கேட்டாள்.

"வலிக்கல. குளிருதும்மா."

"பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் தங்கபுஷ்பம். மற்றவர்கள் குலவையிட்டார்கள். நடந்ததில் ஆச்சரியப்பட அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை தலைமுறையாக இத்தனை கை தேய்த்ததில் ஒரு நாள் அது போகத்தானே செய்யும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நலங்குத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது, மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். காலங்காலமாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற புளியமரங்களில்தான் ஊற்றினார்கள். அந்த மரங்களைச் சாலை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பின்கட்டில் நின்ற முருங்கையும் போன ஐப்பசிக் காற்றில் விழுந்துவிட்டது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு நின்ற பாக்கியம் "எங்கக்கா ஊத்த?" என்று கேட்டபோது, தங்கபுஷ்பத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிற அவசரம். "தெருவுல ஊத்து. அடிக்கிற வெயிலுக்கு ரெண்டு நிமிசத்துல காஞ்சிரும்."

அது காயவில்லை. தெருவில் விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் தயங்கிக் கிடந்தது, பிறகு சாக்கடையில் இறங்காமல், யார் காலிலும் படாமல், சுவரோரமாக ஊர்ந்து, கடைத்தெருவைத் தாண்டி, ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் கொஞ்சம் நின்று, பேருந்து நிறுத்தத்துக்குப் போய், பெரிய புளியமரம் நின்ற இடத்தில் பாயை விரித்ததுபோல விரிந்து படுத்துக்கொண்டது.

அதை முதலில் பார்த்தது பூக்காரி வேலம்மா. மரம் போன நாளிலிருந்து வெயிலில் உட்கார்ந்து, பூ வாடுவதற்குள் விற்றாக வேண்டுமே என்று கூவிக் கூவித் தொண்டை கட்டிப் போனவள். ஆகாயத்தைப் பார்த்தாள், மேலே மேகம் இல்லை, மரம் இல்லை, ஒரு துணிகூட இல்லை, கீழே மட்டும் நிழல் இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து அதில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் பூ வாடவில்லை. மறுநாள் ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், மோர்க்காரர் வந்தார், கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், வேலையில்லாதவர்கள் துண்டை விரித்துப் படுத்தார்கள். அடுத்து நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒருவரும் பேரூராட்சியிலிருந்து ஒருவரும் வந்து, இந்த நிழல் யாருடைய எல்லைக்குள் விழுகிறது என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள், பிறகு இருவருமே அதில் நின்று மோர் குடித்துவிட்டுப் போனார்கள். கவுன்சிலர் பன்னீர் அண்ணாச்சி தன் பெருமுயற்சியால் அமைந்த இயற்கை நிழல் என்று தன் படத்தைப் போட்டு ஒரு பேனர் கட்டினார். பேனரில் அவர் முகமும் வெளுப்பாகத்தான் இருந்தது.

அது யாருடைய நிறம் என்று ஊருக்குத் தெரியாமல் இல்லை. அதில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு யாரோ உள்ளங்கையைப் பிடித்து விட்ட மாதிரி இருந்தது, "நம்ம கனி ஊசி போடுறதுக்கு முன்னாடி கையப் புடிப்பாள்ல, அப்படியே இருக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். யாரோ ஒருவர் அதில் வெற்றிலை எச்சிலைத் துப்பியபோது அது சேலை நுனியை ஒதுக்குவதுபோல ஓரத்தை ஒதுக்கிக்கொண்டது. அழுகிற குழந்தையைக் கிடத்தினால் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கருத்தது. ஊர் அதைப் புகழ்ந்த புகழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை. "எவ்வளவு கருப்பு பாரு! இவ்வளவு கருப்பா இருக்கப்போயித்தான இம்புட்டுக் குளுமை." இருபத்தாறு வருடமாக வாயில் கிடந்த அந்த 'இருந்தாலும்' எங்கே போனதென்று தெரியவில்லை. அதே வாய்தான், அதே நிறம்தான், தரையில் கிடந்தால் அழகு, பெண் மேல் இருந்தால் குறை. எனக்கு இந்த ஊர்க்காரர்கள் மேல் பிரியம் உண்டு, ஆனாலும் இதை நினைத்தால் ஆத்திரமாகத்தான் வருகிறது.

கனி பச்சரிசி மாவின் நிறத்துக்கு வந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் வாயில் கை வைத்தார்கள், பியூட்டி பார்லர்க்காரி கூலி வேண்டாம், விளம்பரத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். முதல் நாள் கனிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடைக்காரர் அவளுக்கு மஞ்சள் நிறச் சுடிதாரை எடுத்துப் போட்டு, "உனக்கு எந்தக் கலரும் எடுக்கும்மா" என்றார். இரண்டாவது நாள் செல்போன் அவள் முகத்துக்குத் திறக்கவில்லை. தெருநாய் குரைத்தது. பத்தடி வெயிலில் நடந்தால் தோல் எரிந்தது. வேலைக்குப் போனால், மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிற பெரியவர் கையை நீட்டாமல் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கருப்புப் பிள்ள வரலையாம்மா? அது குத்துனா வலிக்காது."

"நான்தான் தாத்தா அது."

"வெளாடாதம்மா. நான் இருந்து அது வந்தப்புறமே குடுக்கேன்."

கனி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான், அம்மா சோறு போடும்போது தன் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனித்தாள். கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். மூக்கு அதே மூக்கு, கண் அதே கண், ஆனால் அப்பா இல்லை. அத்தனை நாளும் நெற்றியிலும் தாடையிலும் இருந்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அய்யாத்துரை எங்கேயோ இறங்கிப் போய்விட்டார்.

பாக்கியம் தினமும் உச்சிவேளைக்குப் பூ வாங்கப் போய்க்கொண்டிருந்தாள். பிரிட்ஜைத் திறந்தால் பூ, பூஜை அலமாரியில் பூ, இதற்கு மேல் எதற்குப் பூ என்று ஒரு நாள் கனி துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். வேலம்மாவின் கூடைக்குப் பின்னால், நிழலின் ஓரத்தில் அம்மா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கையைத் தரையில் நீட்டி வைத்து, அதற்குப் பக்கத்தில் கிடந்த நிறத்தை மறுகையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னம்மா பண்ற?"

பாக்கியம் திடுக்கிடவில்லை. "உக்காரு. உங்கப்பா லோடு இறக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். தடவிய கையை எடுக்காமலே, "போன்ல அந்தம்மா அப்படிக் கேட்டப்ப முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல. அண்டாவத் தூக்கிட்டுப் போயி நானே ஊத்திட்டேனே கனி" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கனி செருப்பைக் கழற்றிவிட்டு நிழலுக்குள் கால் வைத்தாள். வறண்ட தொண்டையில் தண்ணீர் இறங்குவதுபோலக் குதிகாலில் ஏதோ ஏறியது. குனிந்து பார்த்தாள், குதிகால் கருத்திருந்தது, பழைய அழகான கருப்பு. நிழலின் ஓரம் அந்த அளவுக்குச் சுருங்கி, அங்கே படுத்திருந்த ஒரு ஆட்டோக்காரரின் கால் வெயிலில் கிடந்தது. அவர் "யாருப்பா அது இழுக்கிறது?" என்று புரண்டு படுத்தார். கனி காலை எடுத்துக்கொண்டாள்.

வேலம்மா பூத் தொடுத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள். "எடுக்கிறதா இருந்தா சீக்கிரம் எடுத்துரு தாயி. மொதல்ல கூட்டிப் பெருக்குனா மெதுவா எந்திரிச்சு வழிவிடும். இப்பம் அந்தக் கடைசி ஓரம் மண்ணோட ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. நீ கல்யாணமாகித் திருப்பூரு போயிட்டேன்னா அது ஊரோடது ஆயிரும்."

வீட்டில் சொன்னபோது தங்கபுஷ்பம் கையிலிருந்த பாக்கு மட்டைத் தட்டுகளைக் கீழே போட்டாள். "ஒனக்குக் கிறுக்கா? கோமதியம்மாளுக்குப் போட்டோ அனுப்பி, அவங்க ஊரு பூராக் காட்டியாச்சு. இப்பப் போயி பழைய நெறத்த மாட்டிக்கிட்டு வந்து நின்னா என்ன பதில் சொல்ல?"

"நான் சொல்லிக்கிடுதேன் பெரியம்மா. அவர்ட்டயே கேக்கேன்."

ஜெயமுருகன் தாலிச் செயின் அளவு பார்க்க வேண்டும் என்ற சாக்கில் வந்தான். வந்தவன் முகம் மலர்ந்திருந்தது, ஆனால் அது அவளைப் பார்த்து மட்டும் இல்லை. "உங்க ஊர்ல பஸ்ஸ விட்டு இறங்குனதும் ஒரு நிழல் இருக்குல்ல? அதுல கொஞ்ச நேரம் உக்காந்தேன். எந்திரிச்சு வரவே மனசு இல்லைங்க. எங்கம்மா திட்டுனது, கம்பெனி டென்ஷன், எதுவும் ஞாபகத்துக்கு வரல."

"அது நான்தாங்க" என்றாள் கனி.

முழுவதையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான், நம்பினான், கெட்டவன் இல்லை. பிறகு யோசித்துவிட்டு, எல்லோருக்கும் நல்லது சொல்கிற குரலில் சொன்னான். "அப்ப அது அங்கயே நிழலா இருக்கட்டுமே. நீ இப்படியே இரு. ஊருக்கும் நல்லது, அம்மாவுக்கும் பிரச்சனை இல்லை. லீவுக்கு வரும்போது ரெண்டு பேரும் போயி அதுல உக்காந்துட்டு வருவோம்."

கனி அளவெடுத்த நூலைச் சுருட்டி அவன் கையில் வைத்தாள்.

ஊர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. பன்னீர் அண்ணாச்சி தலைமையில் ஆட்டோக்காரர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மிரட்ட இல்லை, கெஞ்சத்தான் வந்தார்கள். "ஒனக்கு வேண்டாம்னுதானம்மா தேய்ச்சு ஊத்துனீங்க. எங்களுக்கு ஆகுது, இருந்துட்டுப் போகட்டும். நீயும் இப்பம் மகாலச்சுமி கணக்கா இருக்க." ஒரு பெண் இடுப்பிலிருந்த குழந்தையை முன்னால் நீட்டி, வேர்க்குருவெல்லாம் போயிருச்சு பாரு என்று காட்டினாள். கனிக்கு அந்தக் குழந்தையைப் பார்த்தபோதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. தன்னால் இத்தனை பேர் குளிர்ந்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. தனக்கு மட்டும் தன்னால் ஒரு குளிர்ச்சியும் இல்லையே என்று நினைத்தபோது, கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலையில் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போகிற கார் பேருந்து நிறுத்தத்தைக் கடக்கும்போது, திருப்பூரிலிருந்து வந்த வேன் அங்கேதான் நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் இறங்கி நிழலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள், கோமதி பட்டுச்சேலைத் தலைப்பால் விசிறியபடி "என்ன குளுமை, என்ன குளுமை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கனி காரை நிறுத்தச் சொன்னாள். அரக்குப் பட்டும் ஜடை நாகமும் வளையலுமாக இறங்கி, வெறுங்காலோடு நடந்து, கூட்டத்தின் நடுவே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

அவ்வளவு நாள் காத்திருந்ததற்கு அது அவசரப்படவில்லை. கால் விரலில் தொடங்கி, மருதாணியின் சிவப்பை அழிக்காமல் அதன் அடியில் புகுந்து, கொலுசைத் தாண்டி, பட்டுக்குள் நுழைந்து, இடுப்பிலும் முதுகிலும் பரவி, வளையல்களைக் கொஞ்சம் கலகலக்க வைத்துக் கைக்கு வந்து, கழுத்தில் ஏறி, பார்லர்க்காரி பூசியிருந்த பவுடரைத் தள்ளிக்கொண்டு கன்னத்துக்கு வந்தது. கனிக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. அவள் கருக்கக் கருக்க நிழல் சுருங்கியது, முதலில் வேன் டிரைவர் வெயிலுக்கு வந்தார், அடுத்து மோர்ப்பானை, அடுத்து கவுன்சிலர், அடுத்து கோமதியின் முகத்தில் வெயில் சுளீரென்று விழுந்தது.

"ஏம்மா, என்ன பண்ணிக்கிட்டு இருக்க? எந்திரி மொதல்ல!"

"எந்திரிக்கேன் அத்த. எல்லாம் வந்து சேரட்டும்."

தங்கபுஷ்பம் ஓடி வந்தாள். அவள் இத்தனை நாளில் ஒருமுறைகூட அந்த நிழலுக்குப் போனதில்லை, அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் குடையை விரித்துக்கொண்டு எதிர்ப்புறமாகப் போவாள். இப்போது குடையும் இல்லை, செருப்பும் எங்கேயோ கழன்றுவிட்டது. கனியின் தோளைப் பிடித்து இழுக்கக் குனிந்தவளின் பாதம் நிழலுக்குள் எதிலோ முட்டியது. தார் மூடாமல் விட்டிருந்த புளியமரத்தின் அடிக்கட்டை. அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"இந்த மரந்தான்" என்றாள்.

"என்னக்கா?" என்றாள் பின்னாலேயே வந்த பாக்கியம்.

"என்னையும் இப்படித்தான் தேய்ச்சாக. நீ அப்ப சின்னப்பிள்ள, ஒனக்கு ஞாபகம் இருக்காது. மாப்பிள்ள வீட்டுல கேட்டாகன்னு அம்மையும் சித்தியும் ரெண்டு பக்கமும் உக்காந்து தேய்ச்சாக. அந்தத் தண்ணிய இந்த மரத்துலதான் ஊத்துனாக." கட்டையைக் கையால் தடவினாள். "ஜில்லாவுலயே இப்படி ஒரு நெழலு கெடையாதும்பாகளே, எதனாலன்னு ஒருத்தராச்சும் கேட்டோமா? நான் மட்டுமா? இந்த ஊருல வாக்கப்பட்டுப் போன அம்புட்டுப் பேரும் இதுலதான நின்னோம்." கூட்டத்தில் நின்ற வயதான பெண்கள் சத்தமில்லாமல் தங்கள் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். "மரத்த வெட்டிச் செங்கச்சூளைக்குக் கொண்டு போனான். நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கும் ஒரு நெறம் இருந்துச்சு பாக்கியம். என்ன நெறம்னே மறந்து போச்சு."

அந்தத் தங்கபுஷ்பம் அழுது யாரும் பார்த்ததில்லை. அழுதாள், பட்டுச்சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள், பிறகு தரையைப் பார்த்தாள். வேலம்மா சொன்ன அந்தக் கடைசி ஓரம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமுடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பீர்க்கங்காய் நார் பிடித்துத் தேய்த்த அதே கையால், ஆனால் இப்போது குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற பக்குவத்தோடு, நகம் படாமல், மண்ணிலிருந்து அதை விடுவித்து விடுவித்துக் கனியின் பக்கமாகத் தள்ளிவிட்டாள். "போ, போயிரு. ஒன் வீட்டுக்குப் போ" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே தள்ளினாள். கடைசித் துளி கனியின் காது மடலில் போய் உட்கார்ந்துகொண்டது.

தரையில் வெறும் வெயில் கிடந்தது. நடுவில் கனி எழுந்து நின்றாள், கருப்பாக, முழுசாக. பாக்கியம் அவள் பக்கத்தில் போய் நின்று, தன் முழங்கையை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

கோமதி குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜெயமுருகன் பட்டுவேட்டியில் வியர்த்து நின்றான். கனியைப் பார்த்தான், காலடியில் நிழல் இருந்த இடத்தைப் பார்த்தான், மறுபடியும் கனியைப் பார்த்தான், இரண்டும் ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால், "அம்மா, வெயில்ல நிக்காதீங்க, வண்டில ஏறுங்க" என்று சொல்லிவிட்டு அவனும் ஏறினான். வேன் போகும்போது ஜன்னலில் அவன் முகம் கொஞ்ச தூரம் திரும்பியே இருந்தது. கனிக்கு வலித்தது. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. வலி அவளுடைய தோலுக்குள் அவளுடையதாகவே இருந்தது.

ஊர் வெயிலில் நின்றது. அந்த வேர்க்குருக் குழந்தை சிணுங்க, கனி அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முந்தானையால் அதன் தலையை மூடினாள். பன்னீர் அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பேனரை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நியாயம் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் சரிம்மா. இனிமே நெழலுக்கு இந்த ஊரு எங்க போகும்?"

"நெழலு வேணும்னா மரம் வையுங்க அண்ணாச்சி" என்றாள் கனி.

தங்கபுஷ்பம் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல், குடை இல்லாமல், உச்சி வெயிலில் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"வச்சு, வெறுந்தண்ணி ஊத்துங்க."